முகாமுக்குள் பிரசவ அறையா, பக்கத்து மருத்துவமனைக்கு வலுவா?

பொன்வண்டு
ஒரு கணக்கை முன்வைக்கிறேன், உடைத்துப் பாருங்கள். 20,000 பேர் தங்கியிருக்கும் அகதி முகாம். அறுவை சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனை 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பாதி வழி மண்சாலை. தாய்சேய் நலத்துக்கு வந்திருக்கும் பணம் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். முகாமுக்குள் 24 மணி நேரப் பிரசவ அறை திறப்பதா, அந்தப் பணத்தை மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கும் ஆம்புலன்சுக்கும் கொடுப்பதா?

சரியான பிறப்பு விகிதம் கையில் இல்லாதபோது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆயிரத்துக்கு 40 என்ற அளவையே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 800 பிரசவம், மாதம் 67, நாளுக்கு இரண்டுக்குச் சற்று மேல். 15 விழுக்காடு சிக்கலாகும் என்றால் மாதம் பத்துப் பேர். சிசேரியன் 5 முதல் 15 விழுக்காடு, அதாவது மாதம் 3 முதல் 10 வரை.

மாவட்டக்கணக்கு
மருத்துவமனைக்குத்தான் என்பேன். நீங்கள் கொடுத்த எண்களே அதைச் சொல்கின்றன.

இரவும் பகலும் திறந்திருக்கும் அறை என்றால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரம் ஐந்து ஷிஃப்ட் பார்த்தால் ஓர் இடத்தை நிரப்ப நாலேகால் ஆள். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து. பிரசவத்தைத் தனி ஆளாகப் பார்க்கக் கூடாது, தாயைப் பார்க்க ஒருவர், குழந்தையைப் பார்க்க ஒருவர் வேண்டும். ஆகவே பத்து மருத்துவச்சிகள். மாதம் 67 பிரசவத்தைப் பத்துப் பேர் பங்கிட்டால் தலைக்கு ஏழுகூட வராது. சிக்கலான பிரசவம் தலைக்கு மாதம் ஒன்று. நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, குழந்தையை வாக்குவம் என்ற உறிஞ்சு கருவி வைத்து எடுப்பது போன்றவை ஒருத்தர் கைக்குப் பல மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். கைப்பழக்கம் போய்விடும்.

5 லட்சம் பேருக்கு அவசரப் பிரசவ சிகிச்சை நிலையங்கள் ஐந்து, அதில் ஒன்றாவது அறுவை சிகிச்சையும் ரத்தமும் தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல். அப்படிப் பார்த்தால் 1 லட்சம் பேருக்கு ஒரு நிலையம். 20,000 பேருக்குத் தனி நிலையம் கணக்கில் வராது.

இன்னொன்றும் உண்டு. முகாமுக்கு வெளியே இருக்கும் ஏழைத் தாயும் அதே பழைய வார்டில்தான் படுக்கிறாள். முகாமுக்குள் மட்டும் நல்ல அறை எழும்பினால் மனக்கசப்பு வரும், நிதி நின்ற மறுநாள் அறையும் மூடப்படும். 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளுக்கான உலக உடன்பாடும் நாட்டின் சொந்தச் சுகாதார அமைப்புக்குள் அகதிகளைச் சேர்க்கத்தான் சொல்கிறது. மருத்துவமனை வளாகத்திலேயே காத்திருப்பு இல்லம் கட்டி, 38 வாரத்தில் தாய்மாரைக் கொண்டுபோய்த் தங்க வைக்கலாம்.

இரவுப்பணி
நீங்க சொல்ற ஆள் கணக்கு சரி. ஆனா நேரக் கணக்கை விட்டுட்டீங்க. பிரசவம் தடைபட்டு நின்னா உயிர் போக மூணு நாள் ஆகலாம். வலிப்பு வந்தா ரெண்டு நாள். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற உதிரப்போக்குல சிகிச்சை கிடைக்கலன்னா ரெண்டு மணி நேரம்தான். பாடப்புத்தகங்கள்ல சராசரியாச் சொல்ற அளவு இது. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவரை எழுப்பி, கேட்டைத் திறக்க வெச்சு, மண்சாலையில 18 கிலோமீட்டர் போய், வார்டுல ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அந்த ரெண்டு மணி நேரம் முடிஞ்சுடும்.

யாருக்கு உதிரம் போகும்னு முன்கூட்டியே சொல்லவும் முடியாது. பெரும்பாலும் எந்த ஆபத்து அடையாளமும் இல்லாத தாய்க்குத்தான் வருது. காத்திருப்பு இல்லத்துக்கு யாரை அனுப்புவீங்க? 800 பேரையுமா? மூணு பிள்ளைகளைக் கூடாரத்துல யார்கிட்ட விட்டுட்டு அவ ரெண்டு வாரம் போய்த் தங்குவா? ரேஷன் நாள்ல வரிசையில யார் நிப்பாங்க? வீடு காலியா இருந்தா என்ன ஆகும்னு பயந்தே வரமாட்டாங்க. ரொம்பத் தூரத்துல இருந்து வர்றவங்க, முன்னாடி சிசேரியன் ஆனவங்க, இரட்டைக் குழந்தைக்காரங்க, இவங்களுக்கு அந்த இல்லம் நல்லது. மத்தவங்களுக்கு அது பதில் இல்ல.

முகாம் அறையில வேண்டியது பெரிய கருவி இல்ல. குழந்தை வெளிய வந்ததும் இடுப்புக்குக் கீழ அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரிச்சு அதோட பையைக் கீழ தொங்க விடணும். 300 மி.லி., 500 மி.லி. கோடு கண்ணுக்குத் தெரியும். துணியில ஊறின ரத்தத்தைக் கண்ணால மதிப்பிட்டா எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவோம், அங்கதான் தாமதம் ஆரம்பிக்குது. 500 தொட்டாலோ, 300லயே நாடி ஏறி பிபி இறங்கினாலோ, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னு காத்திருக்காம கர்ப்பப்பையைத் தேய்க்கிறது, அதைச் சுருங்க வைக்கிற ஆக்சிடாசின், உறைஞ்ச ரத்தம் கரையாமத் தடுக்கிற டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிஷத்துல ரத்தக்குழாய் வழியா, சலைன், கிழிசலும் மிச்ச நஞ்சுக்கொடியும் இருக்கான்னு பாக்கிறது, எல்லாம் ஒரே கட்டா நடக்கணும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவுல 80 மருத்துவமனையில இப்படிச் செஞ்சு பார்த்து 2023ல முடிவு வெளியிட்டாங்க. கடும் உதிரப்போக்கு, அதனால வயிற்றைத் திறக்க வேண்டியது, சாவு, மூணும் சேர்ந்த கணக்கு 60 விழுக்காடு குறைஞ்சுது.

மாவட்டக்கணக்கு
நல்ல ஆய்வுதான். ஆனால் அது நடந்தது மருத்துவமனைகளில் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கட்டுக்கும் உதிரம் நிற்காமல் போனால் பின்னால் ரத்தமும் அறுவை அரங்கும் இருந்தன.

வலிப்பையும் எடுத்துக்கொள்வோம். அதற்கான மருந்து மக்னீசியம் சல்பேட், பெரும்பாலும் 50 விழுக்காடு கரைசலாக வரும். ஒரு முகாமுக்கு 2 மி.லி. குப்பி (1 கிராம்) வரும், அடுத்த சரக்கில் 10 மி.லி. குப்பி (5 கிராம்) வரும். 4 கிராம் ரத்தக்குழாயில் போக வேண்டும் என்றால் 8 மி.லி. மருந்தோடு 12 மி.லி. சலைன் சேர்த்து 20 மி.லி. ஆக்கி, மெதுவாக, குறைந்தது ஐந்து நிமிடம். பிறகு ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம், அதாவது 10 மி.லி. மருந்தைச் சலைனில் கலக்காமல் அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினால் மூச்சு நின்றுவிடக்கூடும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் இதைச் செய்யும் கை, நடுராத்திரியில் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுமா?

இரவுப்பணி
போடும், சுவத்துல எழுதி ஒட்டியிருந்தா. அந்த 20 மி.லி. சிரிஞ்சு, ரெண்டு 10 மி.லி. சிரிஞ்சு, குப்பிகள், சலைன், மக்னீசியம் அதிகமாயிட்டா அதை முறிக்கிற கால்சியம் குளுகோனேட் 10 மி.லி. (10 விழுக்காடு), முழங்கால்ல தட்டிப் பாக்கிற சுத்தி, எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு சீல் வைக்கணும். குப்பியோட அளவு மாறினா அன்னிக்கே சுவத்துல இருக்கிற தாளும் மாறணும். தெரியலங்கிறதுக்காக மருந்தே போடாம வண்டியில ஏத்தினா வழியிலேயே வலிப்பு வரும். முதல் டோஸ் முகாம்லதான் போகணும்.

கைப்பழக்கத்துக்கு வழி இருக்கு. பத்துப் பேர்ல ரெண்டு ரெண்டு பேரா மருத்துவமனைப் பிரசவ வார்டுல ரெண்டு வாரம் மாத்தி மாத்திப் போடுங்க. வாரம் ஒரு நாள் பதினஞ்சு நிமிஷம் பொம்மை வெச்சுப் பயிற்சி. குழந்தைக்கு மூச்சு கொடுக்கிற பை இருக்கே, அதைக் கழுவிக் காயவெச்சுத் திரும்பப் பூட்டும்போது வால்வைத் தலைகீழா மாட்டிடறாங்க. அழுத்தினா காத்து போகாது, ஆனா பாக்கிறதுக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்துலயும் மாஸ்க்கை உள்ளங்கையில பொருத்தி ஒரு தடவை அழுத்திப் பாருங்க, அஞ்சு விநாடி வேலை. மாஸ்க் 0, 1 ரெண்டு அளவும் இருக்கணும். அழாத குழந்தைக்கு முதல் நிமிஷத்துக்குள்ள மூச்சு போகணும், நிமிஷத்துக்கு 40 தடவை. 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எந்த மருத்துவமனையாலயும் இதைச் செய்ய முடியாது. உங்க 1 லட்சத்துக்கு ஒண்ணுங்கிற அளவுகோல்ல அந்த ஒரு நிமிஷம் இல்ல.

குளிர்பெட்டி
நான் சரக்குப் பக்கம். யார் ஜெயித்தாலும் இதைப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு திட்டமும் தோற்கும்.

ஆக்சிடாசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முகாமில் தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கும், ஆனால் "இது தடுப்பூசிக்கு மட்டும்" என்று திருப்பி அனுப்புவார்கள். மருந்து மேசையில் வெயிலில் கிடக்கும். குப்பி பார்க்கத் தெளிவாகவே இருக்கும், வீரியம் போயிருக்கும். உதிரம் நிற்கவில்லை என்று மருத்துவச்சியைக் குறை சொல்வோம். தனித் தட்டு, தனி லேபிள் ஒட்டி இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாம் என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் 30 டிகிரி வரை தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் ஊசி நல்லது. ஆனால் அது உதிரப்போக்கைத் தடுக்க மட்டும்தான். வந்த உதிரப்போக்குக்கோ பிரசவ வலியைத் தூண்டுவதற்கோ அல்ல. அதனால் ஆக்சிடாசினை முழுக்க நிறுத்த முடியாது. வீட்டில் பிரசவமாகக்கூடியவர்களுக்கு, பிரசவமானதும் உதிரப்போக்கைத் தடுக்க, 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மூன்று மாத்திரை. வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகே விழுங்க வேண்டும்.

கருவித் தொகுப்பில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நாளுக்கு இரண்டு பிரசவம், மூன்று செட் போதும் என்பார்கள். சராசரி இரண்டுதான், ஒரே இரவில் ஐந்து வரும். ஒரு செட் ஊறி, கழுவி, காய்ந்து, 121 டிகிரியில் வெந்து, ஆறி வர மூன்று நான்கு மணி நேரம். ஆறு செட்டாவது வேண்டும்.

மூங்கில்தூளி
இரண்டு பேரும் தொப்புள்கொடி வெட்டியதோடு நின்றுவிட்டீர்கள். குழந்தை அதற்குப் பிறகும் சாகிறது, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. எங்கே பிரசவமானாலும் அது திரும்பி வருவது கூடாரத்துக்குத்தான். அங்கே இரவில் குளிர், தாய்க்குத் தனியிடம் இல்லை.

24 மணி நேரத்துக்குள், 48 முதல் 72 மணிக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரத்தில் என்று நான்கு முறை யாராவது பார்க்க வேண்டும். மருத்துவமனையில் பெற்றவளின் பெயர் முகாம் சுகாதாரப் பணியாளருக்கு வந்து சேர்வதே இல்லை. மாவட்டக்கணக்கு அவர்களின் திட்டத்தில் பெரிய ஓட்டை இதுதான். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று கூடார எண்ணோடு ஒரு குறுஞ்செய்தி போனால் அடைத்துவிடலாம்.

எடை குறைந்த குழந்தைக்கு முகாமில் இன்குபேட்டர் கேட்காதீர்கள். மின்சாரம் நின்றால் அதுவே ஆபத்து. தாயின் மார்போடு வெற்றுடம்பாக நிமிர்த்தி, தவளைக் கால் போல மடக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கழுத்து மடியாமல் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, கோவணத் துணி மட்டும். நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை இரவும் பகலும். அவள் மூத்த பிள்ளைக்குச் சோறு போட எழும்போது பாட்டியோ தகப்பனோ கட்டிக்கொள்ளலாம். இதற்கு வேண்டியது ஒரு துணியும், அருகில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆளும்.

பால் பவுடர் டின் நன்கொடையாக வந்து இறங்கினால் பொது விநியோகத்தில் கொடுக்கவே கூடாது. தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை உத்திகளைக் கட்டுப்படுத்த வந்த 1981இன் விதித்தொகுப்பின் நோக்கத்துக்கும் அது எதிரானது. 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டிய மாவு அது. ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீரே திணறும் இடத்தில் அதற்கு விறகு எங்கே? தாய் இல்லாத குழந்தைக்கு வேறொரு தாயின் பால் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் பெயர் எழுதி, கிண்ணத்தில் ஊட்டக் கற்றுக்கொடுத்து, வாராவாரம் எடை பார்த்துக் கொடுங்கள்.

மாவட்டக்கணக்கு
குறுஞ்செய்தி விஷயத்தை ஏற்கிறேன், அது எங்கள் பக்கக் குறைதான். முதல் நிமிடத்தைப் பற்றிச் சொன்னதையும் மறுக்க முடியாது. ஆனால் பணம் முழுவதும் அறைக்குப் போனால் வழி அப்படியே கிடக்கும். அதில்தான் தாய்கள் சாகிறார்கள்.

வழியில் என்னென்ன தவறும் என்று வரிசையாகப் பாருங்கள். டிரைவரின் போனில் ரீசார்ஜ் இருக்காது. இரவில் வெளியே போக அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள். ரத்தம் கொடுக்க உறவினர் வேண்டும் என்பார்கள், கூட வந்தது மாமியார் ஒருத்திதான். மொழி புரியாது. சீட்டில் என்ன மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று எழுதியிருக்காது, அதனால் மக்னீசியம் இரண்டாம் முறையும் போடப்படும்.

ரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போன தாயை அனுப்பும்போது காலிலும் வயிற்றிலும் கட்டும் அழுத்த உடுப்பைப் பாருங்கள். கணுக்காலில் தொடங்கி மேலே மேலே இறுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அங்கே உள்ளவர் பரிசோதிக்க வயிற்றுப் பகுதியைத்தான் முதலில் அவிழ்ப்பார். பிபி படாரென விழும். அவிழ்ப்பதும் கணுக்காலிலிருந்துதான், ஒவ்வொரு பட்டைக்கும் 20 நிமிடம் இடைவெளி விட்டு. பிபி 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ மறுபடி இறுக்க வேண்டும். முகாமில் மட்டும் பயிற்சி கொடுத்தால் அந்த உடுப்பே ஆளைக் கொல்லும்.

இரவுப்பணி
அப்ப நாம சண்டை போடுற இடம் சுருங்கிடுச்சு. அறுவை அரங்கு முகாம்ல வேண்டாம், அதை நானும் கேக்கல. மாசம் மூணுல இருந்து பத்து சிசேரியனுக்கு சர்ஜனையும் மயக்க டாக்டரையும் ரத்தத்தையும் அங்க வெச்சிருக்க முடியாது. அறைக்குப் பத்து மருத்துவச்சி, அந்த அறை வெளியூர்த் தாய்மாருக்கும் திறந்திருக்கணும், அப்பதான் மனக்கசப்பும் குறையும், கைக்கு வேலையும் கூடும். மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். முன்பணம் கேக்காம இருக்க மாசாமாசம் நேரடியாக் கட்டுற தொகை, இரவு மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர், ரத்தப் பைக்கான செலவு, இது மூணும் போதும்.

மாவட்டக்கணக்கு
பத்து என்பதில் இன்னும் உடன்படவில்லை. ஆறு மருத்துவச்சி, இரண்டாவது ஆளாகப் பயிற்சி பெற்ற முகாம்வாசிப் பெண்கள் நான்கு பேர். மிச்சமாகும் சம்பளத்தில் இரண்டாவது ஆம்புலன்ஸ். ஒரே வண்டி 18 கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது அடுத்த தாய்க்கு வலிப்பு வந்தால் உங்கள் பத்துப் பேரும் என்ன செய்வார்கள்?

பொன்வண்டு
ஆறும் நான்கும் என்று வைத்து ஒரு மாத இரவு ஷிஃப்ட் அட்டவணை போட்டுப் பார்க்கிறேன். ஆறு பேரில் இரண்டு பேர் எப்போதும் மருத்துவமனையில் சுழற்சியில் இருந்தால் இங்கே மிஞ்சுவது நான்கு. ஆளுக்கு வாரம் ஐந்து என்றால் 20 ஷிஃப்ட்தான், யாரும் விடுப்பு எடுக்காவிட்டாலும் 21 நிரம்பாது. இரண்டாவது வண்டியா இன்னும் இரண்டு ஆளா என்பதை அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு நாளை பேசுவோம்.