கட்டிலில் புரண்டால் வரும் தலைச்சுற்று: என் மூன்று மாதம்

வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 54. மாசி மாதம் ஒரு விடியற்காலை அலாரத்தை நிறுத்த வலப்பக்கம் புரண்டேன். அலுமாரி, யன்னல், மின்விசிறி எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிஷம் இருக்கும், நின்றுவிட்டது. பிறகு வாந்தி.

"பிரஷர் ஏறியிருக்கும்" என்றார் என் கணவர். பார்த்தால் பிரஷரும் சரி, சீனியும் சரி. முதலில் போன இடத்தில் குளிசை தந்து அனுப்பினார்கள். அதைப் போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். புரண்டால் சுற்று அப்படியே.

சுற்றுவது ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். அதற்குப் பயந்து கழுத்தை அசைக்காமல் வாழ்ந்ததுதான் பெரும்பாடு. குசினியில் மேல்தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் போத்தலை அண்ணாந்து எடுக்க முடியாது. இரவில் இரண்டு தலையணையில் சாய்ந்தபடி, திரும்பாமல் படுப்பேன். காலி வீதியைக் கடக்கத் தலையைத் திருப்பவும் பயம், யாராவது வரும்வரை நின்று அவர்களோடு ஒட்டிக்கொண்டு கடப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோவிலில் விழுந்து கும்பிடக் குனிந்தேன், தூண் சரிந்தது. நின்றபடி கைகூப்பிவிட்டு வெளியே வந்து அழுதேன். வெளியில் பார்ப்பவர்களுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

கடைசியில் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் போனேன். கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். சுற்றத் தொடங்கியது. அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த நேரம் கண்முழி தானாகத் துடிக்குமாம். உட்காதில் இருக்கவேண்டிய நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் கழன்று அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்துவிட்டன, தலை அசைந்தால் அவை உருண்டு உள்ளே இருக்கும் நீரையும் அசைக்கும், தலை நின்ற பிறகும் மூளை சுழல்வதாகவே நினைக்கும் என்று விளக்கினார். அப்புறம் அதே கட்டிலில் தலையைப் படிப்படியாக மற்றப் பக்கம் உருட்டி எழுப்பினார். எப்லி முறை என்று பெயர், ஜோன் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் எழுதி வெளியிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் செய்தார். சில நாள் பஞ்சில் நடப்பதுபோல இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

வீடியோ பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள், எந்தக் காது என்று முதலில் தெரியவேண்டும். தலைச்சுற்றோடு வாய் குளறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் இழுத்தால் இது வேறு விஷயம். உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

இதைப் படித்துவிட்டு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எழுதியது:

அக்கா, எனக்கும் இதேதான். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. மேல் ராக்கையில் சேலைக் கட்டு எடுக்க ஏணியில் ஏறி அண்ணாந்தபோது வந்தது. ஏணியைக் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்த முதலாளி, குடித்திருக்கிறாயா என்று கேட்டார். இரண்டு கிழமை கீழே பில் போடும் மேசையில் இருந்தேன். தலையை உருட்டியதும் சரியானது. எட்டு மாதத்தில் திரும்ப வந்தது, இந்த முறை அடுத்த நாளே டொக்டரிடம் போய்விட்டேன். ஆனால் சலூனில் தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னால், இன்னும் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.