பூசை இல்லாத ஞாயிறு

குழு: எங்கட அன்பியம் (கோயிலைச் சேர்ந்த அயல் குடும்பங்களின்ட செபக்குழு), கொட்டாஞ்சேனை

செல்வி அக்கா: இண்டைக்குப் பூசை முடிய ஃபாதர் சொன்னத, வராத ஆக்களுக்காகப் போடுறன். அடுத்த மாசத்துல இருந்து பக்கத்துப் பங்கையும், அதாவது பக்கத்துக் கோயிலையும் அந்தச் சனத்தையும், அவர்தான் பார்க்கணும். தமிழ்ப் பூசை ஒன்றவிட்ட ஞாயிறுதான். பொதுநிலையினர்ல (குருவோ துறவியோ இல்லாத சாதாரண சனத்துல) இருந்து பொறுப்பெடுக்க ஆக்கள் வேணுமாம். வியாழனுக்கு முதல் பேர் கேட்டிருக்கார்.

மேரி அன்ரி: கேட்டதில இருந்து மனசு சரியில்ல பிள்ளை. பூசை இல்லாம என்ன ஞாயிறு?

ரொஷான்: அந்த ஞாயிறு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகலாம் தானே அன்ரி. ஓட்டோல கொஞ்ச நேரம்.

செல்வி அக்கா: நீ போவ தம்பி. மூணாம் மாடி அம்மம்மா போவாவா? போன வெள்ளி சிஸ்டரோட நானும் அவவுக்கு நன்மை (நற்கருணை அப்பம்) குடுக்கப் போனன். ஃபேனை நிப்பாட்டி, ஸ்டூல்ல வெள்ளைத் துணி விரிச்சு, மெழுகுதிரி கொளுத்தினோம். மகள்ட பேரே ஞாபகம் இல்லாத மனுசி. சிஸ்டர் நன்மையைத் தூக்கிக் காட்டினதும் "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள" எண்டு தொடங்கி, தடக்காம முழுசாச் சொன்னா. கதவடில நிண்ட மகள் அழுதிட்டா. சிஸ்டருக்கும் மாற்றம் வந்திருக்கு. பிறகு யார் போறது?

சேவியர் அங்கிள்: எனக்கு இது புதுசில்ல. மன்னார்ல எங்கட ஊருக்குச் சுவாமியார் மாசத்தில ஒருக்காத்தான் வருவார். அப்பா மூப்பர். மற்ற ஞாயிறுகள்ல மணி அடிச்சு, செபமாலை சொல்லி, வாசகம் வாசிக்கிறது அவர்தான். செத்தவீடு எண்டாலும் முதல்ல அப்பாவைத்தான் கூப்பிடுவினம்.

சேவியர் அங்கிள்: 1658ல ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடிச்சுக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினவங்கள். கோவாவில இருந்து யோசப் வாஸ் அடிகளார் வந்தது 1687ல. கிட்டத்தட்ட 30 வருசம்! வீட்டுக்குள்ள செபம் சொல்லியே விசுவாசத்தைக் காப்பாத்தினது சாதாரண சனம். அவர் வந்த பிறகும், தன் ஒரு ஆளால ஏலாது எண்டு இடத்துக்கிடம் மூப்பர், செபம் சொல்லிக் குடுக்கிற அண்ணாவி எண்டு ஆக்களை வைச்சுப் பழக்கினவர். 2015 ஜனவரி 14ல காலிமுகத்திடல்ல பாப்பரசர் அவரைப் புனிதராக்கேக்க இருட்டோட எழும்பிப் போனம் தானே. போய் நிண்டால் மட்டும் காணுமோ?

ரொஷான்: இதெல்லாம் நாங்க செய்ய அனுமதி இருக்கா அக்கா?

செல்வி அக்கா: இருக்கு. பூசை, பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிக்கிறது, வருத்தக்காரருக்கு எண்ணெய் பூசுற நோயில்பூசுதல் மூணும் குருவால மட்டும்தான். அதுல நாங்க கை வைக்கக் கூடாது. வாசகம், நன்மை குடுக்கிறது, வீடு சந்திக்கிறது, செத்தவீட்டுச் செபம், மறைக்கல்வி எல்லாம் நம்மளால ஏலும். குருமார் பற்றாத இடத்துல பங்கோட மேய்ப்புப் பணியில பொதுநிலையினருக்கும் ஆயர் பங்கு குடுக்கலாம்னு 1983 திருச்சபைச் சட்டம் 517ல இருக்கு. மேல ஒரு குரு பொறுப்பா இருப்பார். 2021ல பிரான்சிஸ் பாப்பரசர் வாசகர், பீடத்துணைவர் (பூசையில குருவுக்கு உதவுறவர்) பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார்.

மேரி அன்ரி: எங்கட காலத்தில பீடத்தடிக்குப் பொம்பிளையள் போறது பூ வைக்கத்தான்.

ரொஷான்: ஒண்டு சொல்றன், கோபிக்காதீங்க. எப்பவும் அதே நாலு பேர்தான். நாங்க வந்தா கதிரை அடுக்க விடுறீங்க. திறப்புக் கொத்து 20 வருசமா ஒரே கையில. ஃபாதர்ட வேலையெல்லாம் இனி அந்த நாலு பேருக்கே போனா அவங்களும் களைச்சுப் போவாங்க, நாங்களும் வெளியாலதான் நிப்போம்.

சேவியர் அங்கிள்: அந்தத் திறப்பு என்னட்டத்தான் தம்பி இருக்கு. நீ சொல்றது சரி. அப்பா என்னைப் பன்னிரண்டு வயசில மணிக்கயிறு பிடிக்க விட்டவர். நான் ஒருத்தரையும் பழக்கேல்ல.

ரொஷான்: உங்களை நோகடிக்கச் சொல்லல்ல அங்கிள். வேலையிலயும் நான் கணக்குத்தான் பார்க்கிறன். அந்த உதவிக்குக் கூப்பிடுங்க, வாறன்.

செல்வி அக்கா: நிதிக்குழு எல்லாப் பங்குக்கும் கட்டாயம் தம்பி, அதே திருச்சபைச் சட்டம் 537ல இருக்கு. உன்ட பேரைப் போடுறன். எனக்குப் பெரிய கவலை பிள்ளைகள்தான். படிக்கிறது சிங்களத்துல, இல்லாட்டி இங்கிலீஷ்ல. போன கிழமை வாசகம் வாசிச்ச பிள்ளை, தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுத்தான் வாசிச்சது. தாய் ராவிராவா இருந்து எழுதிக் குடுத்திருக்கா. இதுக்கெல்லாம் நாலு சனிக்கிழமை வகுப்புக் காணாது. வேதாகமம், தமிழ் வாசிப்பு, செத்தவீட்டுல எப்பிடிக் கதைக்கிறது, எல்லாம் ஒரு வருசமாவது படிக்கணும். படிப்பிக்காம ஆளை முன்னுக்கு நிறுத்துறது அந்த ஆளுக்கும் பாவம், சனத்துக்கும் பாவம்.

மேரி அன்ரி: தமிழ் நான் சொல்லிக் குடுப்பன். 31 வருசம் படிப்பிச்சனான். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையளை வீட்டுக்கு அனுப்புங்கோ. வெள்ளிக்கிழமை அம்மம்மாட்ட நானும் வாறன் செல்வி.

செல்வி அக்கா: வாங்க அன்ரி. நன்மை குடுக்கிற பயிற்சிக்கு என்ட பேர் போட்டிட்டன். செத்தவீட்டுச் செபத்துக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும். வாசிச்சிட்டுப் பேசாம இருக்கிற ஆக்கள், தயவுசெய்து எனக்குத் தனிய எழுதுங்க.

சேவியர் அங்கிள்: ரொஷான், நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குக் கோயிலடிக்கு வா. பக்கக் கதவுப் பூட்டு இறுக்கம், திறப்பைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளித்தான் திருப்போணும். காட்டித் தாறன்.