சண்டே கிளாஸ்ல சோஜர்னர் ட்ரூத் கதை, பிள்ளைங்க கேள்விக்கு என்ன பதில் சொல்றது?

ஒலிவஇலை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சர்ச்ல 7, 8 வயசு பிள்ளைங்களுக்கு நான்தான் சண்டே கிளாஸ் எடுக்குறேன், வர்ற வாரம் சோஜர்னர் ட்ரூத் கதை சொல்லலாம்னு இருக்கேன். அமெரிக்காவுல அடிமை முறைய எதிர்த்துப் பேசின கறுப்பினப் பெண்மணி அவங்க. அடிமையா இருந்தப்ப அவங்க பேரு இசபெல்லா, நியூயார்க் மாநிலத்துல டூமான்ட்னு ஒருத்தர்கிட்ட அடிமையா இருந்தாங்க, 1826ல கைக்குழந்தையத் தூக்கிட்டு வெளியேறிட்டாங்க. வீட்டுல என் பொண்ணுகிட்ட சொல்லிப் பாத்தேன், "பைபிள்ல செங்கடல் பிளந்த மாதிரி கடவுள் வழி திறந்தாராம்மா?"ன்னா, அப்புறம் "மத்த பிள்ளைங்கள ஏன் விட்டுட்டுப் போனாங்க?"ன்னா. ரெண்டுக்கும் முழிச்சுட்டேன். கிளாஸ்லயும் கேப்பாங்களே, எப்படிச் சொல்றது?

மலைக்காத்து:
அக்கா, செங்கடல் எல்லாம் இல்லன்னே சொல்லிடுங்க. ஆத்து நடுவுல ஒரு சின்னத் திட்டு, அங்க செடிக் கெளைங்களப் பின்னி கூடு மாதிரி கட்டி அதுக்குள்ள நின்னுதான் ஜெபம் பண்ணுவாங்க, வாய்விட்டுச் சொன்னாத்தான் கடவுளுக்குக் கேக்கும்னு அவங்க நெனப்பு. நம்ம பிள்ளைங்க இத சட்டுனு புடிச்சுக்கும். கிளம்புறதப் பத்தியும் கடவுள்கிட்டயே பேசினாங்க, ராத்திரி போக பயமா இருக்கு, பகல்ல போனா எல்லாரும் பாத்துடுவாங்கன்னு. அப்போ விடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போலாம்னு மனசுல ஒரு யோசனை வந்துச்சு, அது கடவுள் குடுத்ததுன்னு நன்றி சொல்லிட்டு அப்படியே கிளம்பிட்டாங்க. சூரியன் வர்றப்ப ஒரு மேட்டு மேல நின்னு திரும்பிப் பாத்தா பின்னால யாருமே வரல. எங்க போறதுன்னு அதுக்கப்புறம்தான் யோசிச்சாங்க! இந்த இடத்த அவசரமில்லாம சொல்லுங்க.

இன்னொண்ணு, ஓடிப்போனாங்கன்னு சொல்லாதீங்க. ஓடுறது தப்பு, அதனால நடந்துதான் வந்தேன்னு அவங்களே பின்னாடி சொல்லிருக்காங்க. 1827 ஜூலை 4ல எல்லாருக்கும் விடுதலைன்னு அந்த மாநிலத்துல சட்டம் ஆயிடுச்சு, ஒரு வருஷம் முன்னாடியே விடுறேன்னு டூமான்ட் வாக்கு குடுத்துட்டு, உன் கையில அடிபட்டு வேலை கொறஞ்சு போச்சுன்னு சாக்கு சொல்லி மாத்திட்டார். அப்பவும் அவங்க கம்பளி நூல் நூத்து முடிச்சுக் குடுத்துட்டுத்தான் கிளம்பினாங்க. வாக்கு மீறினது யாருன்னு பிள்ளைங்களே சொல்லிடுவாங்க.

தாய்மடி:
சிஸ்டர், ரெண்டாவது கேள்விய மறைக்காதீங்க ப்ளீஸ். நானும் மூணு பிள்ளைக்கு அம்மா, அந்த இடம் வந்தா எனக்கே தொண்டை அடைக்கும். அம்மா விடுதலையானாலும் பிள்ளைங்க இருபது வயசு தாண்டுற வரைக்கும் எஜமானுக்கே உழைக்கணும்னு சட்டம், பால்குடி சோபியாவ மட்டும்தான் தூக்கிட்டு வர முடிஞ்சுது. பிள்ளைங்க வேண்டாம்னு விட்டுட்டு வரலன்றதுக்கு அவங்க மகன் பீட்டர் கதையே போதும். அஞ்சு வயசுப் பையன், அலபாமாவுக்கு வித்துட்டாங்க, வெளி மாநிலத்துக்கு விக்கிறது சட்டப்படி தப்பு. இவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் கிங்ஸ்டன் கோர்ட்டுக்கு நடையா நடந்து 1828ல மகன மீட்டுட்டாங்க. பையன் உடம்புல இருந்த தழும்பு பத்தி இந்த வயசுக்கு வேண்டாம், "அவனக் கொடுமைப்படுத்தியிருந்தாங்க"ன்னு ஒரு வரி போதும்.

அப்புறம் அவங்களுக்கு அடைக்கலம் குடுத்த வான் வாகனன் தம்பதிய விட்டுடாதீங்க. டூமான்ட் தேடி வந்தப்ப, நாங்க மனுசங்கள வாங்குறதும் இல்ல விக்கிறதும் இல்ல, ஆனா மிச்ச மாச வேலைக்குன்னு இந்தாங்கன்னு அம்மாவுக்காக 20 டாலர், குழந்தைக்காக 5 டாலர் டூமான்ட்கிட்ட எடுத்துக் குடுத்தாங்க. என்னைய எஜமான்னு கூப்பிடக் கூடாதுன்னும் வான் வாகனன் இசபெல்லாகிட்ட சொல்லிட்டார்.

ஒலிவஇலை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். நான் எழுதி வச்சதுல "ராத்திரியோட ராத்திரியா ஓடினாள்"னு இருந்துச்சு, இப்பத்தான் அடிச்சேன். ஆளுக்கு நாலு வேப்பங்குச்சி கொண்டு வரச் சொல்லிருக்கேன், அந்த மாதிரி கூடு ஒண்ண மொதல்ல கட்டிட்டு உள்ள உக்காந்து கதை சொல்லப் போறேன். பீட்டர் திரும்பி வந்த இடத்தோட நிறுத்திக்கிறேன்.