தாத்தா வண்டி: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

நான் (காலை 6:50): எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு தாத்தாவின் பழைய மோரிஸ் மைனர் காரில் ஏற்காடு வந்து சேர்ந்தேன். மலைப்பாதையில் 8ஆம் கொண்டை ஊசி வளைவு வரை நன்றாக ஏறியது. அதற்கு மேல் ஆக்சிலேட்டரை அழுத்தினாலே எஞ்சின் விட்டு விட்டு மிஸ் அடித்தது. இன்று காலைப் பனியில் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

அத்தை: பாவம், ராத்திரி 9 மணிக்கு மேல்தான் வந்தான். முகமே வாடிப் போயிருந்தது.

பெரியப்பா: ஸ்பார்க் பிளக், பாயிண்ட் எல்லாம் பார்த்தாயா?

நான்: பாயிண்ட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்தேன், பெரியப்பா. கண்டன்சர் புதிது. பிளக்கைச் சுத்தம் செய்து போட்டேன்.

பெரியப்பா: போன மாதம் எர்த் மாற்றினாய் அல்லவா?

நான்: ஆமாம். எல்இடி விளக்கும் போன் சார்ஜரும் வைப்பதற்காக பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு சேர்ந்திருப்பது) நெகட்டிவ் எர்த் ஆக்கினோம். மெக்கானிக் கடையில் பேட்டரியைத் திருப்பி வைத்தார்கள், டைனமோவுக்கும் துருவம் மாற்றினார்கள். சார்ஜ் சரியாக ஏறுகிறது.

பெரியப்பா: பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலின் வயர்?

நான்: அதைத் தொடவில்லை. எஸ்டபிள்யூ முனையில் சுவிட்ச் வயர், சிபி முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தருவது) வயர். எழுத்துப்படி சரிதானே?

பெரியப்பா: அந்த எழுத்துதான் ஏமாற்றுகிறது, கண்ணு. எஸ்டபிள்யூ என்றால் சுவிட்ச், சிபி என்றால் கான்டாக்ட் பிரேக்கர், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அந்தப் பாயிண்ட். அந்த லூகாஸ் காயில் பாசிட்டிவ் எர்த் வண்டிக்காகச் செய்தது. சுவிட்சிலிருந்து நெகட்டிவ் வரும் என்று நினைத்து எழுதிய எழுத்து அது. இப்போது சுவிட்சில் பாசிட்டிவ் வருகிறது. அதனால் சிபி முனைக்கு சுவிட்ச் வயர், எஸ்டபிள்யூ முனைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வயர் என்று மாற்றிப் போட வேண்டும்.

அப்பா: அண்ணா, தலைகீழாகக் கொடுத்தாலும் ஸ்பார்க் வருமே?

பெரியப்பா: வரும்டா. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை, வருடக்கணக்கில் அப்படியே ஓடும் வண்டிகள் உண்டு. ஆனால் பிளக்கை நினைத்துப் பார். அதன் நடுக்கம்பிக்கும் பக்கக்கம்பிக்கும் இடையில்தான் பொறி தாவுகிறது. நடுக்கம்பி பீங்கானுக்குள் இருக்கிறது, சூடு சீக்கிரம் வெளியே போகாது. பக்கக்கம்பி பிளக் உடலோடு ஒட்டியிருப்பதால் அவ்வளவு சூடாகாது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும். ஆகவே நடுக்கம்பி நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும். காயில் வயர் தலைகீழானால் நடுக்கம்பி பாசிட்டிவாகிவிடும், 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் வோல்டேஜ் கேட்கும். சமதளத்தில் காயில் அதைச் சமாளித்துவிடும். மலை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அங்கே பொறி தாவுவதே கஷ்டம். காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை இழுத்துவிடுகிறது, காயிலுக்கு மிச்சம் குறைவு. உன் இரண்டு தொந்தரவும் அதுதான் என்று நினைக்கிறேன்.

தங்கை: திருப்பிப் போடுவதற்கு முன் நிச்சயம் செய்துகொள்ள வழி இருக்கிறதா, பெரியப்பா?

பெரியப்பா: பென்சில் போதும். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, பிளக் தலையிலிருந்து கால் அங்குலம் தள்ளி நிறுத்து. நடுவில் பென்சிலின் கூர்முனையை வை. வயர், பென்சில் எதையும் கையால் பிடிக்காதே, இரண்டையும் காய்ந்த மரக் கிளிப்பில் மாட்டு. பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. அத்தை சாவியைத் திருப்பட்டும். பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பொறி விரிந்தால் சரி. வயருக்கும் பென்சிலுக்கும் நடுவில் விரிந்தால் தலைகீழ்.

நான் (7:40): பார்த்துவிட்டேன். வயர் பக்கம்தான் விரிகிறது! பானட்டுக்குள் இருட்டாக இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. பிளக் பக்கம் வெறும் நீலக் கோடு.

பெரியப்பா: ஒரு பிளக்கைக் கழற்றி, பக்கக்கம்பியின் உள்பக்கத்தைப் பார்.

நான்: சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது. நேற்று தேய்மானம் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா: தலைகீழாக ஓடியதற்கு அதுவும் ஒரு அடையாளம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு சின்ன வயரையும் இடம் மாற்று. நடு வயரைத் தொடாதே.

அப்பா: கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடு. கோபப்படாமல் சொல். அடுத்த வண்டிக்கு உதவும்.

நான் (8:15): மாற்றிவிட்டேன். இப்போது பொறி பிளக் பக்கம் விரிகிறது. இரண்டாவது முறை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

அத்தை: சத்தமே மாறிவிட்டது! எங்கள் அப்பா காலத்தில் வாசலில் கேட்ட சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியப்பா: வாசலில் நின்று ஓடுவது கணக்கில்லை. அடிவாரம் போய்த் திரும்பி ஏறிப் பார்.

நான் (10:05): அடிவாரத்திலிருந்து 20 வளைவும் ஏறிவிட்டேன், பெரியப்பா. அத்தையும் உடன் வந்தார்கள், பின் சீட்டில் இரண்டு மூட்டை அரிசி. ஒரு இடத்தில்கூட மிஸ் அடிக்கவில்லை. ஒண்டிக்கடையில் நிறுத்தி டீ குடிக்கிறோம்.

பெரியப்பா: சந்தோஷம். வெள்ளை பெயிண்ட் வாங்கி, காயிலில் சிபி பக்கம் கூட்டல் குறியும் எஸ்டபிள்யூ பக்கம் கழித்தல் குறியும் போட்டு வை. நாளைக்கு வேறு யாராவது பானட்டைத் திறந்து, எழுத்தைப் பார்த்துத் திருப்பி மாட்டிவிடுவார்கள்.

நான்: இங்கேயே ஹார்டுவேர் கடை திறந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு வருகிறேன்.