குடி முதலா, பயம் முதலா?

எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. 19 வயதில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன. செத்துவிடுவேன் என்று எழுந்து ஓடினேன். ஈசிஜி சரியாக இருந்தது, அனுப்பிவிட்டார்கள். பேனிக் அட்டாக் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. குடியைத் தொட்டது மூன்று வருடம் கழித்து. அது அந்தப் படபடப்பை அடக்கும் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த நிம்மதி பொய்யில்லை, அதனால்தான் அவ்வளவு ஆழமாக விழுந்தேன்.

பிறகு காலைகள் கெட ஆரம்பித்தன. நான்கு மணிக்கே வியர்த்து விழிப்பு வரும். கை நடுங்கி பிரஷ்ஷில் பேஸ்ட் நிற்காது, நேராக வாயில் பிதுக்கிக்கொள்வேன். பயம் முற்றிவிட்டது என்று நினைத்து அதற்கும் சேர்த்துக் குடித்தேன். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. தினமும் குடித்தால் அதற்கு ஈடாக மூளை தன் முறுக்கை ஏற்றி வைத்துக்கொள்கிறது. போதை இறங்கியதும் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ரொம்பத் தாமதமாக.

"குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்றார் மனநல மருத்துவர் ஒருவர். குடிநோய் மையத்திலோ, "குடியை விட்டா மத்ததெல்லாம் தானா சரியாகும்" என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒன்றரை வருடம் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானே ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் இரவு வலிப்பு வந்து தரையில் கிடந்தவனை அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். தினமும் அதிகம் குடிப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் தனியாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்துப் புத்தி பேதலிக்கும் டெலீரியமும் வரலாம். உயிரே போகும். வார்டில் எனக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா கேட்டார்: "குடிக்கறதுக்கு முன்னாடியே இது இருந்துச்சா?" அத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பின் திரும்பவும் உட்கார்த்தி விசாரித்தார். விடிகாலை நடுக்கம் போயிருந்தது, மனச்சோர்வும் பெரும்பாலும் வடிந்திருந்தது. லிஃப்ட் கதவு மூடும்போது வரும் படபடப்பு மட்டும் அப்படியே நின்றது. அது குடிக்கு முந்தியது என்று அவர் எழுதிக்கொண்டார். அதற்கு எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மனநல மாத்திரையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும்; குடி ஏக்கத்துக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரை. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே கோப்பில்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தம்பிக்கு இருந்தது பைபோலார், மனம் மிதமிஞ்சிய வேகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய். மூன்று நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பான், பணத்தை வாரி இறைப்பான், அந்த வேகத்தில்தான் குடிப்பான். வீட்டில் எங்கள் கண்ணுக்குப் பட்டது பாட்டில் மட்டும்தான். பாட்டிலே இல்லாத ஒரு மாதத்திலும் அவன் அப்படியே தூங்காமல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா, "இது குடி இல்லடி" என்றார். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ரத்தத்தில் அளவு பார்க்க நான்தான் கூட்டிப்போகிறேன்.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்து நானும் சொல்கிறேன். முன்பு நான் குடியை விட்டு இரண்டு வருடமாகியும் மனம் எழவே இல்லை. சொல்ல வெட்கம். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனே, குடியை விட்ட பிறகு பல வருடம் மனச்சோர்வில் கிடந்தார் என்று தெரிந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை போட்டால் அது உண்மையான மீட்சி ஆகாது என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தேன். ஐந்தாவது வாரம் திரும்பவும் குடித்தேன். இப்போது மாத்திரை டப்பா பல் துலக்கும் இடத்திலேயே இருக்கிறது. குடிக்காமல் இன்றோடு 71 நாள்.