பள்ளிக்கூடத்தில சைக்கிள் சாகசக் காட்சி: கூப்பிடுறதோ, விடுறதோ?

ஒட்டுசுட்டான் பீ.ரீ.

வணக்கம் எல்லாருக்கும். நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில உடற்கல்வி படிப்பிக்கிறன். பத்தொன்பது வருசச் சேவை. ஒரு விசயத்தில ஆலோசனை வேணும். நீட்டி எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட பழைய மாணவன் ஒருத்தன் கனடாவில இருக்கிறான். அவன்ர மகன் படிக்கிற ஹைஸ்கூலுக்கு ஊரூராப் போய்ச் சாகசம் காட்டுற ஒரு பீ.எம்.எக்ஸ். (சின்னச் சில்லுச் சாகசச் சைக்கிள்) குழு வந்திருக்கு. அதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில அனுப்பினான். "சேர், இப்பிடி ஒண்டை எங்கட பள்ளிக்கூடத்துக்கு இறக்குவமோ? அவை வாற பிளேன் ரிக்கெற் காசில ஒரு பங்கு நான் பாக்கிறன்" எண்டு கீழ எழுதியிருந்தான்.

ராத்திரி மூண்டு தரம் பாத்தன். பலகைத் தரை போட்ட உள்ளரங்கு. ரெண்டு பக்கமும் றாம்ப், நடுவில ஒரு பெட்டி மேடு. இருபது இஞ்சிச் சில்லுச் சைக்கிளில மூண்டு பேர், ஸ்கேட்போர்டில ஒருத்தி, மைக்கோட ஒருத்தர். அதிபரைக் கூப்பிட்டுத் தரையில படுக்க வைச்சுப்போட்டு அவருக்கு மேலால ஒருத்தன் பாஞ்சான். பிள்ளையள் போட்ட கூச்சலில என்ர போன் கிழிஞ்சுபோகும் போல இருந்துது. அதில்லை விசயம். பாதியில காட்சியை நிப்பாட்டி, அந்த மைக்காரர் புகையிலையைப் பற்றியும் சக பிள்ளையளைச் சீண்டுறதைப் பற்றியும் ஒரு பத்து நிமிசம் கதைச்சார். ஒரு பிள்ளை அசையேல்லை. காலைப் பிரார்த்தனையில மாவாவை, அந்த மெல்லுற புகையிலைப் பாக்கைப் பற்றி நான் கதைச்சால் பின் வரிசையில நிக்கிறவன் வாயுக்குள்ள மாவாவை வைச்சுக்கொண்டுதான் தலையாட்டுறான். எனக்கு அந்தப் பத்து நிமிசம் வேணும்.

அதிபர் சம்மதம். தான் படுக்கமாட்டாராம், பிரதி அதிபரைப் படுக்க வைக்கட்டாம்.

என்ர பிரச்சினையள் வேற. முதலாவது நிலம். எங்கட மைதானம் மணல். இல்ல மெய்வல்லுனர் போட்டிக்கே ரெண்டு நாள் பவுசரில தண்ணி அடிச்சு இறுக்கித்தான் கோடு போடுறனாங்கள். இருபது இஞ்சிச் சில்லு அதில புதையும். பிறகு காற்று. சோளகம் தொடங்கினால் பத்து மணிக்குப் பிறகு பந்தல் தகரமே நிக்காது, ஆகாயத்தில நிக்கிற சைக்கிளைப் பற்றிச் சொல்லவேணுமோ?

பெரிய பயம் அடுத்த நாளைப் பற்றி. சில வருசத்துக்கு முதல் ஒரு திருவிழாவுக்கு மோட்டச்சைக்கிள் வித்தை காட்டுற குழு ஒண்டு வந்தது. மரணக்கிணறு மாதிரிப் பெரிசாய் இல்லை, சும்மா றோட்டில முன்சில்லைத் தூக்கி ஓடிக் காட்டினவை. அடுத்த நாள் எங்கட ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன் வாய்க்கால் கட்டில கதவுப் பலகை ஒண்டைச் சாத்தி, கீழ ரெண்டு யூரியா பாக்கில மண் நிரப்பி வைச்சு, அப்பான்ர லுமாலாவில பாஞ்சான். சைக்கிளின்ர முன் போர்க் மடிஞ்சு, பெடியன்ர காறை எலும்பு முறிஞ்சு, ஓட்டோவில என்ர மடியில வைச்சுத்தான் கொண்டுபோனனான். வழி முழுக்க அவன் கேட்டது ஒண்டுதான்: "சேர், சைக்கிளுக்கு என்ன நடந்தது? அப்பா அடிப்பார்."

வித்தை காட்டினவைக்கு இது தெரியவே தெரியாது. அவை அப்ப அடுத்த ஊரில நிண்டிருப்பினம்.

எங்கட பக்கம் போர்க்காலத்துப் பழைய மண்ணணையளும் இருக்கு. பெடியள் மேடு தேடிப் பத்தைக்குள்ள இறங்கத் தொடங்கினால் எனக்கு நித்திரை வராது. ஏன் எண்டு வன்னியில இருக்கிறவைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்பிடி ஒரு காட்சியைக் கிட்ட நிண்டு பாத்தவை, றாம்ப் செய்யத் தெரிஞ்சவை ஆரும் இருந்தால் எழுதுங்கோ. கூப்பிடலாமோ?

விசுவமடு ஸ்காபரோ

மாஸ்ரர், என்ர மகளின்ர பள்ளிக்கூடத்துக்கும் இப்பிடி ஒரு குழு வந்தது. சாமான் இறக்கப் பெற்றோரைக் கேட்டவை, நான் போனனான். ஆனபடியால் காட்சியை விட முன்னுக்கும் பின்னுக்கும் நடந்ததுதான் எனக்கு வடிவாய்த் தெரியும்.

றாம்ப் முழுசாய் வராது. ட்ரெயிலரில துண்டு துண்டாய் வரும், போல்ற் போட்டுப் பூட்டுவினம். பூட்டி முடிச்ச உடனை ஓடவும் மாட்டினம். ஒருத்தன் தரையில முட்டுக்காலில நிண்டு ஒவ்வொரு பொருத்தையும் கையால தடவிப் பாத்தான். தரையைக் கூட்டினாங்கள், பிறகும் கூட்டினாங்கள். ஒரு சின்னக் கல்லுக் காணுமாம் ஸ்கேட்போர்ட் சில்லு நிண்டு ஆள் மட்டும் போறதுக்கு. பிள்ளையள் இருக்கிற இடத்துக்கு முன்னால ரேப் ஒட்டி, ஒவ்வொரு மூலையிலயும் ஒரு வாத்தியார். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வந்தாலும் மைக்காரர் காட்சியை நிப்பாட்டுவார்.

ஒருத்தன் விழுந்தான். சும்மா விழேல்லை, படார் எண்டு. எழும்பித் தலைக்கவசத்தைக் கழட்டிக் காட்டிப்போட்டுத் திரும்பவும் ஏறினான். அதிபருக்கு மேலால பாயிறதுக்கு முன்னம் தனிய மூண்டு தரம் பாஞ்சு பாத்தவன், அது உங்களுக்கு வந்த வீடியோவில இருந்திராது.

ஆனா அந்தப் பத்து நிமிசத்தை நம்பி இருக்காதேங்கோ. பின்னேரம் மகளிட்டைக் கேட்டன், "அவங்கள் என்ன சொன்னவங்கள்?" எண்டு. "அதிபருக்கு மேலால பாஞ்சவங்கள்" எண்டாள். "அதில்லைப் பிள்ளை, என்ன சொன்னவங்கள்?" கொஞ்சம் யோசிச்சு, "ஹெல்மெற் போடட்டாம்" எண்டாள். புகையிலை அவளுக்கு ஞாபகமே இல்லை. அமெரிக்காவில 1983இல லொஸ் ஏஞ்சலிசில தொடங்கின 'டேர்' எண்ட திட்டத்தில பொலிஸ்காரரே வகுப்புக்கு வந்து போதைப்பொருளைப் பற்றிப் படிப்பிச்சவை. பிறகு ஆராய்ஞ்சு பாத்தால், பாவனை குறைஞ்சதாய்ப் பெரிசாய் ஒண்டும் தெரியேல்லை. அது கிழமைக் கணக்காய் நடந்த வகுப்பு. நீங்கள் பத்து நிமிசம் கேக்கிறியள்.

பரந்தன் வெல்டிங்

சேர், கனடாவில இருந்து கப்பலில றாம்ப் கொண்டுவாற யோசனை இருந்தால் விடச் சொல்லுங்கோ. அந்தக் காசுக்கு இஞ்ச ரெண்டு செற் அடிக்கலாம். எனக்கு சாகசம் தெரியாது. ஆனா ஒருக்கா கிளிநொச்சிப் பெடியள் நாலு பேர் கேட்டு ஒண்டு செய்து குடுத்தனான், பட்டுப் படிச்சது இருக்கு.

வளைவு கண்ணளவில வராது. தரையில ஆணி அடிச்சு, ஏழடிக் கயிறு கட்டி, பக்கப் பலகையில வட்டம் கீறித்தான் வெட்டவேணும். எட்டு இஞ்சிக்கு ஒரு குறுக்குச் சட்டம். மேல தடிச்ச பிளைவூட் போட்டால் வளையாது, முறியும். ஒன்பது மில்லிமீற்றரில ரெண்டு தட்டு, பொருத்துக்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு வராமல். உச்சியில ரெண்டிஞ்சிப் பைப். அடியில தரையோட முட்டுற இடத்தில தகடு, இல்லாட்டிச் சில்லு அந்த விளிம்பைத் தின்னும். ஒரு மழை நனைஞ்சால் பிளைவூட் அப்பளம் மாதிரிப் பொருமும். பெடியளுக்குச் செய்தது அப்பிடித்தான் போனது. மூடி வைக்கச் சொல்லிக் கத்தினனான், கேட்டால்தானே.

உங்கட ஒன்பதாம் வகுப்புக்காரன் ஏன் முறிஞ்சவன் தெரியுமோ? ஏறுறதுக்குப் பலகை வைச்சவன், இறங்கிறதுக்கு ஒண்டும் வைக்கேல்லை. மட்டமான நிலத்தில வந்து விழுந்தால் முழுப் பாரமும் ஒரே இடியாய்ப் போர்க்கிலயும் கையிலயும் இறங்கும். வாற திசைக்கே சரிவு ஒண்டு இருந்தால் இடி ஓட்டமாய் மாறிப்போகும். அந்தக் குழுக்கள் நடுவில வைக்கிற பெட்டி மேட்டின்ர மற்றப் பக்கம் சரிவாய் இருக்கிறது அதுக்குத்தான். லுமாலா தேங்காய்ச் சாக்கு ஏத்தச் செய்த சைக்கிள், அதில பிழையில்லை.

நிலத்துக்கு ஒரு வழி: பக்கத்தில நெல் காயப்போடுற சீமெந்துத் தளம் இருக்கோ?

கேப்பாப்பிலவான்

பெட்டைப் பிள்ளையளின்ர கழிவறைக்குக் கதவில்லாத பள்ளிக்கூடங்கள் இருக்கு. கனடாக் காசில அந்தரத்தில கரணம் அடிக்கப் போயினமாம். நல்லாய் இருக்கு.

ஒட்டுசுட்டான் பீ.ரீ.

கேப்பாப்பிலவான் அண்ணை, எங்கட கழிவறைக்குக் கதவு போட்டாச்சு. காசு போட்டவனும் இதே கனடாப் பெடியன்தான். ஆனா நீங்கள் சொல்லுறது எனக்கும் உறுத்துது, மறைக்கேல்லை.

பரந்தன் தம்பி, தளம் இருக்கு! கூட்டுறவுச் சங்கத்தின்ர. எனக்கு இது தோன்றவேயில்லை.

முறிப்பு அக்கா

நான் தாதியாய் இருந்து இளைப்பாறினனான். சைக்கிளால விழுந்து வாற பெடியளில நாங்கள் தவறவிடுறது மணிக்கட்டு. கை ஊண்டி விழுவினம், கொஞ்சம் வீங்கும், எக்ஸ்ரேயில ஒண்டும் தெரியாது, எண்ணெய் பூசிக் கட்டிக்கொண்டு திரிவினம். பெருவிரலின்ர அடியில ஒரு பள்ளம் இருக்கு, விரலை விரிச்சால் தெரியும். அதை அமத்த நொந்தால் உள்ளுக்க சின்ன எலும்பு ஒண்டு முறிஞ்சிருக்கலாம். முதல் நாள் படத்தில வராட்டியும் பத்துப் பதினாலு நாளில திரும்ப எடுத்தால் தெரியும். விட்டால் அந்த எலும்பு இரத்தம் போகாமல் செத்துப்போகலாம். பிறகு ஆயுளுக்கும் வாளி தூக்க ஏலாது. தலையில அடிபட்டுச் சத்தி எடுத்தாலோ, தூங்கி வழிஞ்சாலோ வீட்டை வைச்சிருக்காமல் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ.

ஹெல்மெற் வாங்கினால் ஒண்டு ஞாபகம்: பலமாய் ஒருக்கா அடிபட்ட சைக்கிள் ஹெல்மெற்றைத் திரும்பப் போடக்கூடாது. வெளியில ஒண்டும் தெரியாது, உள்ளுக்க நுரை நசிஞ்சிருக்கும். எங்கட ஆக்கள் ரேப் சுத்திப் போடுவினம், அதுதான் சொல்லுறன்.

தம்பி, திகதியையும் பாருங்கோ. மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள் வாற கிழமையில கூச்சல், மைக் எண்டு ஒண்டும் வேண்டாம். பெடியளுக்கு இல்லை, ஓ.எல். எடுக்கிற பிள்ளையளே 2009க்குப் பிறகு பிறந்ததுகள். மதிலுக்கு வெளியில இருக்கிற தாய்மாருக்கு. றாம்ப் பலகையில சைக்கிள் வந்து விழேக்க என்ன சத்தம் கேக்கும் எண்டு யோசிச்சியளோ?

புதுக்குடியிருப்பு நாற்காலி

நான் 2009இல இருந்து சக்கர நாற்காலியில. சேர், ஒரு பேர் சொல்லுறன், தேடிப் பாருங்கோ: ஆரோன் ஃபொதரிங்ஹாம். அமெரிக்கன், பிறவியிலயே முள்ளந்தண்டுக் குறைபாடு உள்ளவர். 2006இல சக்கர நாற்காலியோட பின்னால கரணம் அடிச்ச முதல் ஆள். 2016இல றியோ பரா ஒலிம்பிக் தொடக்க விழாவில பெரிய றாம்பில இறங்கிவந்து பாஞ்சவர். நான் அந்த வீடியோவை ஐம்பது தரமாவது பாத்திருப்பன்.

அவரைக் கூப்பிடச் சொல்லேல்லை. வாற குழுவிட்ட நாற்காலியில ஓடுற ஆள் இருக்கோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. இன்னொண்டு: நான் பாக்க வந்தால் வாசலில இருந்து தளம் வரைக்கும் மணலோ? மணல் எண்டால் ரெண்டு பேர் தூக்கவேணும். எனக்குத் தூக்கிறது விருப்பமில்லை.

ஒட்டுசுட்டான் பீ.ரீ.

நேற்றுப் பின்னேரம் போய்ப் பாத்தன் அண்ணை. றோட்டில இருந்து தளத்துக்கு முப்பது அடி கிறவல், அதுக்குப் பிறகு சீமெந்து. கிறவலுக்கு மேல றாம்பின்ர பிளைவூட் மிச்சம் போடலாம். உங்களைத் தூக்கமாட்டம்.

தளத்தில ரெண்டு வெடிப்பு இருக்கு, ஒண்டுக்குள்ள புல்லு முளைச்சிருக்கு. சங்கத் தலைவர் சிறுபோக நெல்லு வாறதுக்கு முதல் எண்டால் தாறன் எண்டார். அப்ப மே 18உம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் தாண்டின பிறகு, அறுவடைக்கு முன்னம். காற்றுக்காகக் காலமை ஏழு மணி. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதிப்போட்டன். சாகசம் எண்ட சொல்லே இல்லை. 'ரோக்கியோவில ஒலிம்பிக்கில சேர்க்கப்பட்ட விளையாட்டுக்களின் அறிமுகம்' எண்டு போட்டு, ஸ்கேட்போர்டில பதின்மூண்டு வயது யப்பான் பிள்ளை மொமிஜி நிஷியா தங்கம் எடுத்ததையும் சேர்த்துவிட்டன். பொய்யில்லைத்தானே.

கனடாப் பெடியனோடையும் கதைச்சன். ஆறு பேர் வந்து ஒரு மணித்தியாலம் காட்டிப்போட்டுப் போறது வேண்டாம், ரெண்டு பேர் வந்து அஞ்சு நாள் நிக்கட்டும் எண்டு சொன்னன். முதல் நாள் காட்சி. மிச்ச நாலு நாளும் பின்னேரத்தில எப்பிடி விழுறது, எப்பிடி இறங்கிறது எண்டு பெடியளுக்குப் படிப்பிக்கட்டும். மாவாக் கதையை நான் நடுவில மைக்கில சொல்லமாட்டன். ஹெல்மெற் பூட்டேக்க ஒவ்வொருத்தனாய்க் கிட்ட வருவான்தானே, வாயும் மணக்கும். அப்ப பாப்பம். போகேக்க றாம்பும் ஹெல்மெற்றுகளும் இஞ்சயே நிக்கவேணும், சாவி என்னட்டை. அவன் கொஞ்சம் இழுத்தான். வீடியோவில எடுப்பாய் இராதாம். பிறகு சரி எண்டான்.

எங்கட மெதுவான சைக்கிள் ஓட்டத்தில மூண்டு வருசமாய் முதலாவது வாற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். தமையன்ர லுமாலாவில கால் ஊண்டாமல் நிண்ட நிலையில நிப்பாள், நான் விசிலடிக்கக் களைச்சுப்போவன். வாறவைக்கு முதல் இவளைக் காட்டவேணும். அவங்களும் ஒருக்கா வாயைப் பிளக்கட்டும்.

பிரதி அதிபர் படுக்கமாட்டாராம். நான்தான் போல கிடக்கு.

பரந்தன் தம்பி, ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பீரோ? தளத்தின்ர அளவு எழுதி வைச்சிருக்கிறன், வெடிப்பின்ர படமும் எடுத்தனான்.

பரந்தன் வெல்டிங்

வாங்கோ சேர். பத்து மணிக்கு முன்னம் வாங்கோ, பிறகு கரண்ட் போகும் எண்டு அறிவிச்சிருக்கிறாங்கள்.