'வீல் ஹவுஸ்': உறைந்த ஏரியில் இறக்கி வைக்கும் மீன்பிடிக் குடிலுக்குத் தமிழ்ச்சொல்

மடல் 1

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போடுவது பற்றிய கட்டுரைத் தொடருக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் மில் லாக்ஸ், லேக் ஆஃப் த வுட்ஸ் போன்ற ஏரிகளில் குளிர்காலத்தில் நிற்கும் குடில்களைப் பொதுவாக 'ஃபிஷ் ஹவுஸ்' என்கிறார்கள். அதில் சக்கரம் வைத்த வகை 'வீல் ஹவுஸ்'. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி, நெடுஞ்சாலையில் இழுத்துப்போய், அப்படியே ஏரியின் மேல் ஓட்டி நிறுத்துவார்கள். பட்டறையில் தாமே கட்டிக்கொள்பவர்கள் நிறைய.

அகராதியில் தேடினால் கப்பலின் சுக்கான் அறைதான் வருகிறது. கையில் இருப்பவை மூன்று: சக்கர வீடு, பனிமீன் வண்டி, மீன்பிடி வண்டிவீடு. மூன்றுமே மனதுக்கு ஒட்டவில்லை. 'பனிமீன்' என்றால் அது ஏதோ ஒரு மீனின் பெயர் போலிருக்கிறது. 'வண்டிவீடு' என்றால் கேரவனுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. கட்டுமானம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

அன்புடன்,
ம.

———

மடல் 2

ம. அவர்களுக்கு வணக்கம்.

> கேரவனுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது

வேறுபாடு அச்சில்தான் இருக்கிறது; பெயர் வைக்கும் முன் அதைப் பார்த்துவிடுவோம். கேரவன் எப்போதும் சக்கரத்தின் மேலேயே நிற்கும். இது ஏரிக்குப் போனதும் சக்கரத்தை விட்டு இறங்கி, அடிச்சட்டம் முழுவதும் பனிப்பாளத்தில் படியும்படி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அடியில் காற்று புகுந்து துளையெல்லாம் உறைந்துவிடும். தரைக்கும் பாளத்துக்கும் நடுவே தூண்டில் நூல் காற்றில் ஆடும்.

ஆறரை அடி அகலம், 12 அடி நீளம் கொண்ட ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அடிச்சட்டத்துக்கு 2×3 அங்குல இரும்புச் செவ்வகக் குழாய், குறுக்குச் சட்டம் 24 அங்குலத்துக்கு ஒன்று. முன்னால் ஏர்க்கால், அதாவது இழுவை வண்டியோடு மாட்டும் பகுதி, ஆப்பு வடிவில் வரும். வழக்கமான நேர் அச்சு கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனிக் கை. கையின் ஒரு முனை சட்டத்தில் பற்றவைத்த குழாய்க்குள் சுழலும், மறுமுனையில் சக்கரம் மாட்டும் தண்டு. விஞ்சில் (கைப்பிடியால் சுழற்றிக் கயிற்றை இழுக்கும் உருளை) கம்பிக்கயிற்றைச் சுற்றினால் கை கீழ்நோக்கி மடங்கிச் சட்டம் மேலே எழும். தளர்த்தினால் சட்டம் இறங்கும்.

கெட்டுப்போகும் இடங்களும் இங்கேதான். விஞ்ச் பிரேக் உள்ளதாக இருக்க வேண்டும். வெறும் பல்சக்கரப் பூட்டு விஞ்ச் என்றால், பூட்டை விடுவித்த நொடியில் கைப்பிடி தானாகச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். அடுத்தது, சாலையில் போகும்போது பாரத்தைக் கயிறு தாங்கவே கூடாது. கை இறங்கிய நிலையில் சட்டத்தையும் கையையும் சேர்த்து முக்கால் அங்குல ஆணி ஒன்றைச் செருகி, அதற்குக் கொண்டை ஊசி போட்டுவிட வேண்டும். கயிற்றை நம்பி ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் இழை இழையாக அறுந்துகொண்டே வரும். மூன்றாவது, சுழலும் குழாய்க்குள் உருகுநீர் புகுந்து உறைந்தால் கை அசையவே அசையாது. கிரீஸ் நிப்பிள் வைத்து, குழாய் நிறையக் குளிர்தாங்கும் கிரீஸ் அடித்து, அடிப்பக்கம் சிறு வடிதுளை போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இறக்கும்போது ஒரு பக்கத்தை முழுக்க இறக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. சட்டம் முறுக்கிக்கொண்டு சுழல்குழாய் இறுகும். ஏர்க்கால் ஜாக்கி, இடக்கை, வலக்கை என மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும்.

பெயர் எதுவானாலும் இந்த 'இறக்கம்' அதில் வந்தாக வேண்டும் என்பது என் கருத்து. 'அமர்குடில்' எப்படி?

அன்புடன்,
செ. (வெல்டிங் பட்டறை, மினசோட்டா)

———

மடல் 3

செ. ஐயாவுக்கு வணக்கம். சட்டத்தைக் கண்முன் கொண்டுவந்துவிட்டீர்கள்.

'அமர்குடில்' அழகுதான். ஆனால் சக்கரமில்லாமல் சறுக்குக் கட்டையில் இழுத்துப்போகும் குடிலும் அமர்ந்தே இருக்கிறது. ஒரு சொல்லின் தலையில் எல்லா வேலையையும் ஏற்ற வேண்டாம், குடும்பமாகப் பார்ப்போம்.

பொதுப்பெயர்: தூண்டிற்குடில். வலை போடும் இடமில்லை, தூண்டில் போடும் இடம். பனி என்ற சொல்லின் குழப்பமும் இல்லை. சறுக்குக் கட்டை வைத்தது சறுக்குக் குடில். சக்கரம் வைத்தது உருள்குடில். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. கூண்டு வண்டி என்ற பழைய பெயரையும் எண்ணிப் பார்த்தேன். அது மாட்டு வண்டியை விட்டு நகர மறுக்கிறது.

இறக்கம் அச்சின் பெயரில் வரட்டும்: 'இறங்கு அச்சு'. சாலையில் செருகும் ஆணிக்கு நம்மிடம் 'கடையாணி' இருக்கிறதே?

அன்புடன்,
இரா.

———

மடல் 4

இரா. அம்மாவுக்கு வணக்கம்.

உருள்குடில் நன்று, எனக்கு முழுச் சம்மதம். அச்சில்தான் ஒரு திருத்தம்.

> 'இறங்கு அச்சு'

இறங்குவது அச்சு அல்ல, சட்டம். சட்டம் பாளத்தில் படியும்போது, அதோடு ஒப்பிட்டால் சக்கரக்கை மேலேதான் போகிறது. 'இறங்கு அச்சு' என்று எழுதினால் படிப்பவர் அச்சு கீழே போகிறது என்று நினைத்து விஞ்சைத் தப்பான பக்கம் சுற்றுவார். குடிலை இறக்கும் அச்சு, ஆகவே பிறவினை: 'இறக்கு அச்சு'. ஓர் எழுத்து வேறுபாடுதான், பொருள் தலைகீழ்.

கடையாணியும் வேண்டாம். அது சக்கரம் அச்சைவிட்டுக் கழலாமல் காப்பது. இந்த ஆணி கையைச் சட்டத்தோடு பூட்டுவது. இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதால் குழப்பினால் விபத்து. 'பூட்டாணி' என்றால் தெளிவு.

அன்புடன்,
செ.

———

மடல் 5

அனைவருக்கும் வணக்கம். சொற்களை வாக்கியத்தில் போட்டால்தான் நிற்குமா சாயுமா என்று தெரியும். தரையும் சுவரும் பற்றிய பகுதிக்கு நான் எழுதியதைத் தருகிறேன். புதுச்சொல் இடறும் இடத்தில் சொல்லுங்கள்.

"உருள்குடிலின் தரைக்கு முக்கால் அங்குல பிளைவுட். 10 அங்குல விட்டமுள்ள துளைகள் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே வர வேண்டும். ஆகவே சட்டம் பற்றவைக்கும் முன்பே துளைகளின் இடத்தைத் தாளில் குறித்துவிட வேண்டும். சுவரோடு ஒட்டித் துளை வைத்தால் தமரின் (துளையிடும் கருவியின்) மோட்டார் சுவரில் இடிக்கும், தமர் சாய்ந்து இறங்கும். சாய்ந்த துளையில் நூல் பாளத்தின் விளிம்பில் உராய்ந்து, பெரிய மீன் இழுக்கும்போது அறும். துளையின் நடுப்புள்ளி சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். தமர் இறங்க வேண்டிய ஆழத்தில் சட்டத்தின் உயரமும் தரையின் கனமும் சேரும். பாளம் 30 அங்குலத்தைத் தாண்டினால் தமருக்கு நீட்டுத்தண்டு தேவைப்படலாம்.

சுவருக்கு 2×2 ரீப்பர். திருகாணி மட்டும் போதாது. சாலை அதிர்வில் தளர்ந்துவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் பசையும் சேர வேண்டும். ரீப்பர் இடைவெளியில் மூடிய கண்ணறை ஃபோம் தெளித்தால் வெப்பமும் தங்கும், சுவரும் விறைப்பாகும். இரும்புச் சட்டம் உள்ளே வெளித்தெரியும் இடமெல்லாம் மூச்சின் ஈரம் உறைந்து வெண்படலமாகி, அடுப்பு எரியும்போது படுக்கையில் சொட்டும். தரையடியிலும் ஃபோம் அவசியம்; இல்லாவிட்டால் குடிலின் சூடு பாளத்தை உருக்கி, அது மீண்டும் உறையும்போது அடிச்சட்டத்தைக் கவ்விக்கொள்ளும்."

'தமர்' துளையிடும் கருவிக்குத் தச்சர் வழக்கில் உள்ள பழைய சொல். 'ஆகர்' என்பதற்கு மாற்றாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ம.

———

மடல் 6

ம. அவர்களுக்கு வணக்கம்.

தமர் நிற்கிறது. இரண்டு சேர்ப்புகள்.

சட்டம் கவ்விக்கொள்ளும் என்று எழுதிய இடத்திலேயே தீர்வையும் எழுதுங்கள். இறக்கும் முன் நான்கு மூலையிலும் நடுவிலும் 2×4 கட்டைகளைப் பாளத்தில் போட்டு அதன்மேல் சட்டத்தைப் படியவிட வேண்டும். டயரடியிலும் பலகை. சுற்றிலும் பனித்தூளை அணைத்துவிட்டால் காற்று அடையும். ஆனால் சக்கரக் கூட்டுக்குள் பனித்தூளை அடைக்கக் கூடாது. துளை வழியே நீர் மேலேறினால் அது கூழாகி டயரை உறையவைத்துவிடும். பிறகு கோடாரிதான். பாரத்தில் பாளம் தாழ்வதால்தான் நீர் ஏறுகிறது. ஆகவே பல நாள் ஒரே இடத்தில் நிறுத்துபவர்கள் துளையில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது உயிர் தொடர்பானது. உள்ளே கேஸ் அடுப்பு எரியும், சுவரோ இறுக்கம். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் மூடிய வகை ஹீட்டர்தான் பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தூங்குபவரின் தலைமாட்டு உயரத்தில், கேஸ் கசிவுக் கருவி தரையோரம்; புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கதவை வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். மினசோட்டாவில் ஆள் உள்ளே இருக்கும்போது இது சட்டப்படியே கட்டாயம்.

பாளத்தின் கனத்தையும் மறக்க வேண்டாம். மினசோட்டா இயற்கைவளத் துறையின் வழிகாட்டலில் நடப்பதற்கு 4 அங்குலம், பெரிய பிக்கப்போடு உருள்குடிலை இழுக்க 20 அங்குலமும் அதற்கு மேலும். அது தெளிந்த புதுப் பாளத்துக்கு. வெள்ளைப் பாளத்துக்கு வலு பாதிதான், கனம் இரட்டிப்பாக வேண்டும்.

அன்புடன்,
செ.

———

மடல் 7

வணக்கம். இதுவரை இசைந்தவை: தூண்டிற்குடில், சறுக்குக் குடில், உருள்குடில், இறக்கு அச்சு, பூட்டாணி, ஏர்க்கால், தமர். 'கை' மட்டும் தொங்குகிறது. 'சக்கரக்கை' என்று செ. ஐயா மடல் 4-இல் போகிற போக்கில் எழுதியதே போதுமே? புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

மாறுபாடு இல்லையென்றால் ம. அவர்கள் பட்டியலில் ஏற்றலாம்.

இரா.

———

மடல் 8

ஏற்றிவிட்டேன். விளக்கவுரை இது:

"உருள்குடில் (பெ.): உறைந்த நீர்நிலையில் தூண்டில் போடுவதற்கான இழுவைக் குடில். இறக்கு அச்சு கொண்டது. பூட்டாணியை நீக்கி, சக்கரக்கைகளைத் தளர்த்தி, அடிச்சட்டம் பனிப்பாளத்தில் படியுமாறு இறக்கி வைக்கப்படும்."

ம.

———

மடல் 9

ம., ஒரு சொல்லைச் சேருங்கள். பூட்டாணியில் பாரம் இருக்கும்போது அது வராது. சுத்தியலால் தட்டி எடுத்தால் குடில் சடாரென்று கயிற்றில் விழும். "விஞ்சால் பாரத்தைக் கயிற்றுக்கு மாற்றிய பின் பூட்டாணியை நீக்கி" என்று இருக்கட்டும்.

செ.